‘இவனுக்குப் படிப்பு ஏறாது’: பயிற்சி ஆசிரியர்களின் நம்பிக்கைகளோடு பணியாற்ற ஒரு வழிகாட்டி

கல்வியியல் கல்லூரியில் சேரும் எவரும் ஆசிரியர் தொழிலைப் பற்றி ஒன்றும் அறியாதவராக வருவதில்லை. பள்ளியில் 12 ஆண்டுகள், பட்டப்படிப்பில் 3 ஆண்டுகள் என்று குறைந்தது 15 ஆண்டுகள் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் அவர். நல்ல மாணவர் யார், சரியான விடை எங்கிருந்து வரும், கணக்கு யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதையெல்லாம் எவரும் சொல்லித் தராமலேயே மனத்தில் முடிவுசெய்துகொண்டுதான் அவர் நம் வகுப்புக்குள் நுழைகிறார். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் வெளியிட்ட நூலில் இந்தப் பார்த்துப் பழகும் பயிற்சியை விரிவாக விளக்கினார். மாணவர் இருக்கையிலிருந்து தெரிவது ஆசிரியர் செய்வது மட்டுமே. அவர் ஏன் அப்படிச் செய்தார், வேறு எதை யோசித்துக் கைவிட்டார் என்பது அங்கிருந்து தெரிவதில்லை.

இதனால்தான் பி.எட். மாணவர் ஒருவர் தேர்வுத்தாளில் உளவியலாளர்கள் பியாஜே, வைகாட்ஸ்கி, கற்பவரே தம் அறிவை உருவாக்கிக்கொள்கிறார் என்னும் அறிவுக் கட்டமைப்புக் கொள்கை என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டு, கற்பித்தல் பயிற்சிக்குச் சென்ற முதல் நாளே கரும்பலகையில் விடையை எழுதிப்போட்டு, “எல்லோரும் எழுதிக்கொள்ளுங்கள்” என்கிறார். அவர் படித்ததை மறந்துவிடவில்லை. படித்த கொள்கையும் பார்த்துப் பழகிய நம்பிக்கையும் அவருக்குள் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. கல்வியியல் கல்லூரிகளிலும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் பணியாற்றும் விரிவுரையாளர்கள் அந்தச் சந்திப்பை ஏற்படுத்துவதற்கான வழிமுறைகளே இங்கே சொல்லப்படுகின்றன. இத்தகைய நம்பிக்கைகள் விரிவுரையால் அசைவதில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு குழந்தை சொன்ன விடைக்கு முன்னால் நின்று எடுக்கும் முடிவில்தான் அவை வெளிப்படுகின்றன. மாறுவதானால் அங்கேதான் மாறவும் கூடும்.

எதைத் தேட வேண்டும்

ஹார்வர்டு மாணவர்களிடம் நிகழ்த்திய நீண்ட நேர்காணல்களை வைத்து வில்லியம் பெர்ரி 1970இல் எழுதிய நூல், அறிவு பற்றிய பார்வை படிநிலைகளாக வளர்கிறது என்றது. சரி, தவறு என்ற இரண்டே பெட்டிகளில் உலகைப் பார்க்கும் மாணவர், பிறகு ‘ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து’ என்ற நிலைக்கு வந்து, அதன்பின் சான்றுகளை எடைபோட்டு ஒரு நிலைப்பாட்டை ஏற்கும் பக்குவத்தை அடைகிறார் என்பது அதன் சாரம். மார்லீன் ஷோமர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு விதமாகப் பிரித்தது. இது ஒரே படிக்கட்டு அன்று, ஓரளவு தனித்தனியே இயங்கும் பல நம்பிக்கைகளின் தொகுதி என்றார் அவர். அறிவு துண்டுதுண்டானதா, பின்னிப் பிணைந்ததா, நிலையானதா, மாறக்கூடியதா, மேலிருந்து வழங்கப்படுவதா, சான்றிலிருந்தும் சிந்தனையிலிருந்தும் எழுவதா, கற்றல் உடனே நிகழ்வதா, சிறுகச் சிறுக நிகழ்வதா, கற்கும் திறன் பிறவியிலேயே அமைந்துவிட்டதா, வளர்வதா என்பவை அவர் எழுப்பிய கேள்விகள்.

இவற்றுக்கெல்லாம் ஆசிரியர் ஓய்வறையில் ஏற்கெனவே விடைகள் புழங்குகின்றன. “புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு” என்பது அறிவின் ஊற்று பற்றிய நம்பிக்கை. “ஒரு தடவ சொன்னா பிடிச்சுக்கணும்” என்பது கற்றலின் வேகம் பற்றியது. “கணக்குக்குன்னு தனி மூளை வேணும்”, “அவனுக்குப் படிப்பு ஏறாது” என்பவை திறன் பற்றியவை. ஷோமரின் பகுப்பு நமக்குப் பயன்படுவது இந்த இடத்தில்தான். அறிவியல் மாறிக்கொண்டே வரும் துறை என்பதை நன்கு உணர்ந்த ஒரு முதுநிலைப் பட்டதாரி, குழந்தைகளின் திறன் மட்டும் மாறாது என்று உறுதியாக நம்பக்கூடும். ஆகவே ஒருவரை முற்போக்கானவர் என்றோ பழைய சிந்தனை உடையவர் என்றோ முத்திரை குத்திவிட்டு நகர வேண்டாம். எந்த நம்பிக்கை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள்.

வினாத்தாள் கொடுத்து ‘ஒத்துக்கொள்கிறேன், ஒத்துக்கொள்ளவில்லை’ என்று குறிக்கச் சொல்லும் முறையை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அகமதிப்பீட்டு மதிப்பெண் யார் கையில் இருக்கிறதோ அவரே வினாத்தாளைக் கொடுக்கும்போது, அவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்துக் குறிப்பதே மாணவரின் இயல்பு. மேலும், ‘அறிஞர்கள் சொல்வதை ஏற்க வேண்டும்’ என்ற வாக்கியத்துக்கு நம் மாணவர் ஒருவர் ஆம் என்று குறித்தால், அது அறிவைப் பற்றிய அவருடைய நம்பிக்கையா, பெரியவர்களிடம் காட்டும் மரியாதையா என்று பிரித்தறிய அந்தத் தாளில் வழியே இல்லை.

நோட்டுப் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள்

ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருப்பதாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். “இந்த நோட்டைப் பார்த்த அடுத்த 5 நிமிடங்களில் நீங்கள் என்ன சொல்வீர்கள், என்ன செய்வீர்கள்? நீங்கள் பேசும் சொற்களை அப்படியே எழுதுங்கள்” என்று கேளுங்கள். பெயர் எழுத வேண்டாம், பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டாம், 10 நிமிடம் போதும். ‘பேசும் சொற்களை அப்படியே’ என்ற நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் “குழந்தைக்குப் புரியும்படி விளக்குவேன்” என்ற ஒரே வாக்கியம்தான் எல்லாத் தாள்களிலும் வரும்.

தாள்களை வாங்கிப் படித்தால் சில போக்குகள் தெரியும். சிலர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு எடுக்கும் முறையைப் படிப்படியாக எழுதிக் காட்டி, அதேபோல ஐந்து கணக்குகள் போட்டுவரச் சொல்வார்கள். சிலர் கவனக்குறைவு என்று கண்டிப்பார்கள். சிலர் ஒரு வட்டத்தை வரைந்து காட்டுவார்கள். “இதை எப்படிப் போட்டாய், சொல்” என்று குழந்தையிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் குறைவாகவே இருப்பார்கள். இந்தக் கேள்வி எழுகிறதா என்பதே நீங்கள் கவனிக்க வேண்டியது. விடை ஆசிரியரிடம் மட்டுமே இருக்கிறது என்று நம்புபவருக்குக் குழந்தையிடம் கேட்பதற்கு எதுவும் இருக்காது.

இந்தக் கட்டத்தில் அவர்களுடைய அணுகுமுறை தவறு என்று சொல்லிவிடாதீர்கள். அந்தக் கணக்கையே அவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். முதலில், 2/5 என்பது 1/2ஐவிடப் பெரியதா சிறியதா என்று கேளுங்கள். அரையோடு இன்னொரு பின்னத்தைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டது என்பதைப் பட்டதாரிகளே அப்போதுதான் கவனிப்பார்கள். வாய்பாடுபோல வழிமுறையை மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்த முரண்பாட்டைக் குழந்தையும் ஒருபோதும் கண்டிருக்காது. அடுத்து இதைக் கேளுங்கள்: ஒரு மாணவி முதல் சிறுதேர்வில் 2 வினாக்களில் ஒன்றுக்குச் சரியாக விடை எழுதினாள், அடுத்ததில் 3 வினாக்களில் ஒன்றுக்கு எழுதினாள், மொத்தத்தில் எத்தனைக்கு எத்தனை? 5க்கு 2. குழந்தை செய்தது இதைத்தான். தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டுவது பொருளற்ற செயல் அன்று. மதிப்பெண்களைத் தொகுக்கும் இடத்தில் அது சரியான முறை. ஒரே முழுப்பொருளின் பாகங்களைக் கூட்டும் இடத்தில்தான் அது பொருந்தாமல் போகிறது.

இந்த இடத்தில் வகுப்பில் ஓர் அமைதி வரும். அதை அவசரப்பட்டுக் கலைக்க வேண்டாம். கருத்து மாற்றம் எப்போது நிகழும் என்பதைப் பற்றி போஸ்னரும் அவருடைய சகாக்களும் 1982இல் எழுதிய கட்டுரையில், பழைய கருத்தின்மேல் அதிருப்தி பிறப்பதை முதல் நிபந்தனையாக வைத்தார்கள். புதிய கருத்து புரியும்படியும் நம்பும்படியும் பயன் தரும்படியும் இருக்க வேண்டும் என்பவை அதன் பிறகே வருகின்றன. நம் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் முதல் நிபந்தனையைத் தாண்டிக் குதித்து, புதிய கொள்கையை விளக்குவதிலேயே முழு நேரத்தையும் செலவிடுகின்றன. ‘தவறான விடை’ என்று தாங்கள் அடித்துப்போட்ட ஒன்றுக்குள் ஒழுங்கான ஒரு சிந்தனை இருந்ததைப் பயிற்சி ஆசிரியர் தம் கண்ணால் காணும்போதுதான் அந்த அதிருப்தி பிறக்கிறது. அதற்குப் பிறகு, ‘குழந்தையின் முன்னறிவிலிருந்து தொடங்க வேண்டும்’ என்ற வாக்கியத்தை நீங்கள் சொல்லவே தேவையில்லை.

அறிவியல் மாணவர்களுக்கு, ‘செடி தன் உடலை வளர்த்துக்கொள்ளும் பொருள் மண்ணிலிருந்து வருகிறது’ என்ற விடையைக் கொடுக்கலாம். 17ஆம் நூற்றாண்டு அறிஞர் ஃபான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தபோது, மரம் ஏறத்தாழ 169 பவுண்டு ஆனது, மண்ணோ சுமார் 2 அவுன்சு மட்டுமே குறைந்தது. இதை வைத்து அவர், மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அளவு சரி, முடிவு தவறு. காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. குழந்தையின் தவறும் ஓர் அறிஞரின் தவறும் இவ்வளவு அருகருகே இருப்பதைப் பார்ப்பது பயிற்சி ஆசிரியருக்கு மிகவும் நல்லது.

எல்லாப் பாடத்துக்கும் ஒரே ஐயம் பொருந்தாது

அறிவு மாறக்கூடியது என்று பொதுவாகப் போதித்தால், மாணவர்கள் எளிதில் மறுகோடிக்குப் போய்விடுவார்கள். “எல்லாமே மாறும் என்றால், யார் சொல்வதும் ஒன்றுதானே” என்ற நிலை, ஒரே விடை என்ற பிடிவாதத்தைவிட மேலானது அன்று. வகுப்பறையில் அது சோம்பலுக்கு ஒரு போர்வையாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே எது, எந்தச் சான்றால், எவ்வளவு மாறியது என்று அந்தந்தப் பாடத்திலேயே காட்ட வேண்டும்.

வரலாற்று மாணவர்களுக்குக் கீழடியைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு தேவையில்லை. தமிழகத்தின் வைகைக் கரையில் நகர வாழ்வு கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று கருதப்பட்டுவந்த நிலையில், மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று அறிவித்தது. பயிற்சி ஆசிரியரின் பாடக்குறிப்பில் பெரும்பாலும் ‘கீழடியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு’ என்ற ஒரு வரிதான் இருக்கும். பழைய ஆண்டை அடித்துப் புதிய ஆண்டை எழுதினால் அறிவைப் பற்றிய நம்பிக்கை மாறிவிடாது. மனப்பாடம் செய்யும் எண்தான் மாறுகிறது. அந்த ஒரு வரியை மூன்று கேள்விகளாக உடைக்கச் சொல்லுங்கள். ஆழத்துக்கும் காலத்துக்கும் என்ன தொடர்பு? கரிமப் பொருளின் வயதை எப்படிக் கணிக்கிறார்கள்? ஒரு குழியின் ஓர் அடுக்கில் கிடைத்த ஒரு மாதிரியிலிருந்து ஓர் ஊரைப் பற்றி எவ்வளவு சொல்லலாம், அதைத் தாண்டி எதைச் சொல்லக்கூடாது? மூன்றாவது கேள்விதான் கடினமானது. நமக்குப் பெருமை தரும் முடிவுக்கும் சான்று கேட்கப் பழகிய மாணவரே நாளை வகுப்பில் சான்று கேட்கக் கற்பிப்பார்.

தமிழ் மாணவர்களோடு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணையை எடுத்துக்கொள்ளலாம். ணை, லை, றா போன்ற எழுத்துகளின் வடிவம் அரசாணையால் மாறியது. இது மரபும் உடன்பாடும் சார்ந்த அறிவு. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் அப்படி ஆணையால் மாறுவதன்று. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, “எது ஏன் மாறலாம், எது ஏன் மாறாது” என்று விவாதிக்கச் செய்தால் போதும்.

திறனைப் பற்றிய நம்பிக்கை

இதுவே நான் மிகவும் கவலைப்படும் இடம், ஏனென்றால் இதன் விலையைக் கொடுப்பது பயிற்சி ஆசிரியர் அல்லர், குழந்தை. பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே மீத்திறன் மிக்கோர், மெல்லக் கற்போர் என்ற பட்டியல் அவர் கைக்கு வந்துவிடுகிறது. பட்டியல் உதவி செய்வதற்காக உருவானது. ஆனால் பெயர் ஒட்டியவுடன் அது விளக்கமாகிவிடுகிறது. அவன் ஏன் விடை சொல்லவில்லை? மெல்லக் கற்பவன். அவன் மெல்லக் கற்பவன் என்று எப்படித் தெரியும்? விடை சொல்லவில்லையே.

இந்த நம்பிக்கையை நேரடியாகத் தாக்கினால் மாணவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பதிலாக நன்னூல் பாயிரத்தைக் கையில் கொடுங்கள். அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி (நெய் வடிகட்டி) என்று மாணாக்கரைத் தலை, இடை, கடை எனத் தரம் பிரிக்கும் அதே பாயிரம், ஆசிரியர் சொன்னதை நன்றாக மனத்தில் கொண்டாலும் மாணவருக்குப் புலமையில் கால் பங்குதான் கிட்டும், உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால் பங்கு, பிறருக்குத் தெளிவாக எடுத்துரைப்பதில் மீதி அரைப் பங்கு என்றும் சொல்கிறது. முதல் பகுதியைப் படிக்கும்போது திறன் ஆளுக்கு ஆள் அமைந்துவிட்ட ஒன்றாகத் தெரிகிறது. இரண்டாம் பகுதியில் புலமை, மாணவர் எவற்றைச் செய்யும் வாய்ப்புப் பெறுகிறார் என்பதைப் பொறுத்ததாக ஆகிறது. இரண்டையும் படித்துவிட்டு, “உங்கள் வகுப்பில் எருமை என்று நீங்கள் நினைக்கும் மாணவருக்கு அந்த அரைப் பங்கு வாய்ப்பு, அதாவது பிறருக்கு எடுத்துச் சொல்லும் வாய்ப்பு, கடைசியாக எப்போது கிடைத்தது?” என்று கேளுங்கள். பலரிடம் விடை இருக்காது.

பிறகு பள்ளியில் ஒரு சிறு கணக்கெடுப்பைச் செய்யச் சொல்லுங்கள். இருவர் இணைந்து செல்லட்டும். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் வகுப்பின் இருக்கை வரைபடத்தில் எந்தக் குழந்தையிடம் கேள்வி போகிறது என்று கோடு போடட்டும். கேள்விக்கும் அடுத்த பேச்சுக்கும் இடையில் எத்தனை வினாடி காத்திருந்தார் என்றும் குறிக்கட்டும். மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியளவே காத்திருந்தார்கள் என்று கண்டார். அதை 3 வினாடிகளாக உயர்த்தியபோது விடைகள் நீண்டன, அதுவரை பேசாதவர்கள் பேசத் தொடங்கினார்கள், ஆசிரியர்கள் அந்தக் குழந்தைகள்மீது வைத்திருந்த எதிர்பார்ப்பும் மாறியது. இந்தக் கடைசி விளைவே நமக்கு முக்கியம். ஆசிரியரின் நம்பிக்கை மாறியதால் காத்திருக்கவில்லை. காத்திருந்ததால் நம்பிக்கை மாறியது.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்சிவழிக் கற்போர், கேட்டல்வழிக் கற்போர், செயல்வழிக் கற்போர் என்று குழந்தைகளைப் பிரித்து, அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பிக்கச் சொல்லும் பாடம் நம் கல்லூரிகள் பலவற்றில் இன்னும் நடக்கிறது. பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் வெளியிட்ட திறனாய்வு, இவ்வாறு பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று முடிவுசெய்தது. ‘இவன் கேட்டுக் கற்பவன்’ என்பதும் ஒரு முத்திரைதான். மாணவர்களின் நம்பிக்கைகளைச் சோதிக்க வந்த நாம், நம் பாடக்குறிப்பில் உள்ளதையும் அதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

பாடக்குறிப்பும் நாட்குறிப்பும்

2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும நெறிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டுகளாக்கி, இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சியை வைத்தன. இந்த நீண்ட காலம் ரெக்கார்டு நோட்டை நிரப்புவதிலேயே கரைந்துவிடக்கூடாது. வழக்கமான பாடக்குறிப்புப் படிவத்தில் ஆசிரியர் செயல்பாடு, மாணவர் செயல்பாடு என்ற பத்திகள் இருக்கும். மாணவர் செயல்பாட்டில் ‘கவனிக்கின்றனர்’, ‘விடையளிக்கின்றனர்’ என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அந்தப் படிவத்தில் இரண்டே கேள்விகளைச் சேருங்கள்: ‘இந்த இடத்தில் மாணவர்கள் சொல்லக்கூடிய, ஆனால் பொருந்தாத விடைகள் எவை?’, ‘அந்த விடை வந்தால் நான் என்ன கேட்பேன்?’ இவற்றுக்கு எழுத, பாடநூலையும் கைடையும் மூடி வைத்துவிட்டுக் குழந்தையாக இருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

நாட்குறிப்பில் ‘இன்று வகுப்பு சிறப்பாக அமைந்தது, மாணவர்கள் ஆர்வமுடன் பங்கேற்றனர்’ என்ற வரிகளை ஏற்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழந்தையின் ஒரே ஒரு விடையை, அது சொன்ன சொற்களிலேயே எழுதி, அது எப்படி அந்த விடைக்கு வந்திருக்கும் என்று நான்கு வரி எழுதினால் போதும்.

பயிற்சி ஆசிரியர் ஒருவர் வகுப்பில் நோட்ஸ் எழுதிப்போடுவதைப் பார்த்ததும், இவர் மாறவே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 45 நிமிடப் பாடவேளை, நிரம்பிய வகுப்பு, பொதுத்தேர்வுக்கு முன் பாடத்தை முடிக்கச் சொல்லும் வழிகாட்டி ஆசிரியர் என்று பல நெருக்கடிகள் அவர்மீது இருக்கின்றன. தாம் நம்புவதைச் செய்கிறாரா, செய்ய முடிந்ததைச் செய்கிறாரா என்பதை அவரிடமே கேட்டுத்தான் அறிய முடியும். பள்ளிக்குச் செல்லும்போது வழிகாட்டி ஆசிரியரையும் அருகில் அமர்த்தி, அந்த நாட்குறிப்பு விடைகளில் ஒன்றை மூவருமாகப் பேசுங்கள். அனுபவமுள்ள ஆசிரியர்கள் குழந்தைகளின் விடைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொள்கைப் பாடத்தில் கிடைக்காத பல நுட்பங்கள் வெளிவரும்.

மதிப்பெண் எதற்கு

அறிவுக் கட்டமைப்புக் கொள்கையின் இயல்புகளைப் பத்து மதிப்பெண்ணுக்கு வரிசைப்படுத்தச் சொல்லும் வினா, அந்தக் கொள்கைக்கு நேர் எதிரான ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது: அறிவு என்பது வரிசையாக ஒப்பிக்க வேண்டிய துணுக்குகள் என்ற பாடத்தை. பல்கலைக்கழக வினாத்தாளை நாம் மாற்ற முடியாது. அகமதிப்பீடு நம் கையில்தான் இருக்கிறது. அதில் ஒரு குழந்தையின் விடைத்தாளைக் கொடுத்து, அந்தச் சிந்தனையை இரண்டு விதமாக விளக்கி, எந்த விளக்கம் சரி என்று கண்டறிய அந்தக் குழந்தையிடம் என்ன கேட்பீர்கள் என்று கேட்கலாம்.

பருவ முடிவில் மாற்றத்தை அறிய, முதலில் கொடுத்த கணக்கைத் திரும்பக் கொடுக்க வேண்டாம். அதற்கு என்ன எழுத வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ‘35 பெரியது, 8 சிறியது, ஆகவே 0.35, 0.8ஐவிடப் பெரியது’ என்று எழுதிய வேறொரு குழந்தையின் நோட்டைக் கொடுங்கள். அவர்கள் எழுதும் சொற்களில் குழந்தையிடம் கேட்கும் உண்மையான கேள்வி ஒன்றாவது இருக்கிறதா, அந்தக் கேள்வி விடையை மறைமுகமாகச் சொல்லிவிடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தாளுக்கும், பருவத் தொடக்கத்தில் எழுதிய தாளுக்கும், நாட்குறிப்பில் அவர்கள் வெளிப்படுத்தும் நம்பிக்கைகளுக்கும் மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அடுத்த ஆண்டு மாணவர்கள் உங்களுக்குப் பிடித்த நம்பிக்கைகளை எழுதித் தருவார்கள், அவர்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள் என்று அறியும் வழி அடைபட்டுவிடும். குழந்தையின் விடையை எவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்தார்கள், தங்கள் ஊகத்தை எந்தச் சான்றால் தாங்கினார்கள் என்பதற்கு மட்டும் மதிப்பெண் கொடுங்கள். அதைப் பருவத் தொடக்கத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.